வெள்ளைப் புடவை ஒன்று

4-7-1966
ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். சமைக்கவில்லை.

6-7-1966
கருணாகரன் சாரிடமிருந்து கடிதம். காலேஜில் எனக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவர். சுற்றுவட்டாரத்துச் சின்னத் தொழில்காரர்களுக்கு யுனிவர்சிட்டி இலவசமாகத் தொழில்நுட்ப யோசனை சொல்கிறதாம். நெய்வேலியில் ஒரு லாண்டரியிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது, தண்ணீர் லேபில் இருக்கிற நீயே போய்ப் பார் என்கிறார். என் மனைவி இறந்து மூன்று மாதம். அதைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

9-7-1966
போனேன். அவள் துணி போட்டுவந்த அதே கடை. வாசலில் நிற்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

ருக்குமணி நடத்துகிறாள். ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளைப் புடவைதான் அவளுக்குப் பாதித் தொழில். எல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது. இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வடலூரில் போட்டுக்கொள்வதாக நர்சுகள் சொல்லிவிட்டார்களாம்.

"இனாம்னு சொல்லிகினு வர்றவங்கள நான் நம்புறதில்லீங்க," என்றாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "நர்ஸம்மா வூட்டுக்காரருதானே நீங்க? அவங்க வெளுக்கப் போட்ட புடவை ஒண்ணு இங்கயே கெடக்குது சார்."

தலையாட்டினேன். வாங்கவில்லை.

10-7-1966
போர் தண்ணீரில் இரும்பு. இறைக்கும்போது தெளிவு, வைத்தால் பழுப்பேறுகிறது. துணி பழுப்பேறப் பழுப்பேற ருக்குமணி பிளீச்சிங் பவுடரைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். அந்தப் பவுடர்தான் இரும்பைத் துணியில் பதியவைக்கிறது. சொன்னேன்.

"அப்ப நானேதான் கெடுத்துகினு இருந்தனா? ஊரெல்லாம் தண்ணியத் திட்டினனே," என்று உட்கார்ந்துவிட்டாள்.

13-7-1966
இரண்டு டிரம் வைத்தோம். மேலே ஓட்டை போட்ட தகரம். தண்ணீர் அதில் சிதறி, காற்றுப்பட்டு விழும். கீழே கரியும் மணலும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இனிமேல் துவைப்பதற்கு இது போதும். ஏறிப்போன கறைக்கு? எலுமிச்சைச் சாறு எவ்வளவு, எத்தனை நேரம்? நூல் நைந்துவிடக் கூடாது. சோதிக்கத் துணி வேண்டும். வாடிக்கைத் துணியை ருக்குமணி தொடவிடமாட்டாள்.

14-7-1966
கடையில் கிடந்த என் மனைவியின் புடவையைக் கேட்டு வாங்கினேன். கத்தரியால் கீற்று கீற்றாக வெட்டினேன். ஆறாவது கீற்றை வெட்டும்போது ருக்குமணி உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"என்னா காரியம் சார் பண்ணீங்க. எங்க வூட்டுக்காரரு வேட்டி நாலு கெடக்குதே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஏன் கேக்கல? கை ஏன் நடுங்கல? அவ கட்டினது அது. லேப்ல பேப்பர் வெட்டுற மாதிரி வெட்டிகினு நின்னேன் — நான் மனுஷன்தானா?

15-7-1966
மூன்றாவது கீற்று. சாறும் உப்பும், ஒரு மணி நேரம் வெயில். கறை இல்லை. நூல் உறுதியாக இருக்கிறது.

31-7-1966
நர்சுகள் வடலூருக்குப் போகவில்லை. தலைமை நர்ஸ் ஒரு புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையை இறக்கச் சொன்னாராம்.

மிச்சமிருந்த புடவையை ருக்குமணி வெளுத்து, வெட்டின ஓரத்தைத் தைத்து, கஞ்சி போட்டு மடித்துக் கொடுத்தாள். "இனாம்தானுங்க," என்றாள். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

யுனிவர்சிட்டிக்கு அனுப்பவேண்டிய பாரத்தை நிரப்பினேன். உபயோகித்த பொருள், கொடுத்தவர் பெயர் என்று ஒரு கட்டம். டிரம், மணல், கரி — ருக்குமணி. எலுமிச்சம்பழம் — நான். அடுத்த வரியில் பேனா நின்றது. ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. இந்த நோட்டில்கூட.

வெள்ளைப் புடவை ஒன்று — லூர்துமேரி.