எலியேசர் பெட்டி வந்துவிட்டது

இரும்புலியூர்,
வியாழக்கிழமை.

கர்த்தர் காத்துவரும் என் பேத்தி ஜெரூஷாவுக்கு,

முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சுகமாக இருக்கும் உன் ஆயா தபீதாள் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை. அப்பா கூப்பிட்டால் வேலையாக இருக்கிறேன் என்று ஒரு வரி அனுப்புகிறாயாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால்தான் காகிதம் வாங்கிவரச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து. சின்ன ர, பெரிய ற இடம் மாறியிருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தண்ணீர் நிற்கிறது. உன் அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. உன் அம்மா கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போட்டிருக்கிறாள். நீ வரவில்லை என்று சொன்ன பிறகுதான் ஊறப்போட்டாள்.

சனிக்கிழமை ரயிலிலிருந்து நீ பேசியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். “பாக்ஸ் ஆபீஸ்ல படம் படுத்துடுச்சு ஆயா. மொத ஷோவுக்கு ஏழு பேரு. அதுல மூணு பேரு நம்ம வீடு. நான் கிறிஸ்மஸுக்கு வரல, யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது. இனிமே கேமராவத் தொட மாட்டேன்” என்றாய். அப்புறம் உன் போன் பேசவேயில்லை.

அந்த ஏழு பேரில் நான் இல்லை. முழங்கால் என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலி உண்மைதான்.

உன் அப்பாவிடம், அதென்ன ஒரே தியேட்டர், பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரே காட்சி என்று கேட்டேன். லிமிடெட் ரிலீஸ் அம்மா, அப்படித்தான் என்றான். ஓட்டலில் அளவுச் சாப்பாடு என்று போட்டிருப்பார்களே, அதுவா என்றேன். அதேதான் என்றான். சரி, படத்தின் பேரும் ‘சாப்பாட்டு லாரி’தானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே நம் பின்தெரு நூர் பீவி மகன் ஜாபர் வந்தான். அந்தத் தியேட்டரில் அவன்தானே மேனேஜர். உட்காரவேயில்லை. “தப்பா நெனச்சிக்காத ஆயா. செவ்வாய்க்கிழமையோட படத்தத் தூக்கிடுவாங்க. ஒரு ஷோவுக்காவது பாதி சீட்டு ரொம்புனா, நான் ஓனராண்ட வாயத் தொறந்து கேப்பேன். காலி சீட்ட வெச்சிக்கினு இன்னான்னு கேக்கறது?” என்றான். பெட்டி வந்து நாலு நாளில் திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டேன். அதற்குச் சிரித்தான். “பெட்டி எங்க ஆயா கீது இப்போ? எல்லாம் கம்ப்யூட்டர்ல வருது.” அவனுக்கு அப்படி. எனக்குப் படம் என்றால் பெட்டிதான். பெட்டி வந்தால் படம் வந்தது, பெட்டி போனால் படம் போனது.

பாதி சீட்டுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த கூட்டம் நம் சபைதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அறிவிப்பில் வாசிக்கச் சொல்லி உபதேசியாரிடம் கொடுத்தேன். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, காகிதமும் சின்னது. அதனால் சுருக்கமாகவே எழுதினேன். ‘எலியேசர் பெட்டி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறோம். சபையார் அனைவரும் வந்து கலந்துகொள்ளவும். இப்படிக்கு தபீதாள்.’

நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரி. எழுதும்போது எனக்குத் தோன்றவேயில்லையே! உன் படம், உன் தாத்தா எலியேசரைப் பற்றிய படம், எல்லாரும் சேர்ந்து வேனில் போகலாம், இதுதான் என் மனசில் இருந்தது.

உபதேசியார் வாசித்தார். கோயில் முழுக்கத் தலை குனிந்துகொண்டார்கள். அப்புறம் பின்பெஞ்சில் யாரோ விம்மினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் பேத்தி படத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று. வெளியே வந்ததும் ரோஹிணி டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அம்பது வருஷம் கழிச்சாவது வந்துச்சே அக்கா. கர்த்தர் பெரியவர்” என்றார். ஆமாம் டீச்சர், எங்க ஜெரூஷா பாடுபட்டுக் கொண்டுவந்தாள் என்றேன். “தனியாவா?” என்று கேட்டார். கூட ரெண்டு பேர் கேமரா பிடித்தார்கள் என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை, படம் பார்க்கப் போகிறோமே என்று பெட்டியிலிருந்த பச்சைப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினேன். பூ வைத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தால் தெரு முழுக்க வெள்ளை. பெண்கள் ஐக்கிய சங்கம் அத்தனை பேரும் வெள்ளைச் சேலை, கையில் பாட்டுப் புத்தகம். போதகர் ஐயா அங்கியோடு நிற்கிறார். வாலிபர் சங்கத்து ஸ்டெபின் பெரிய மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறான். ரோஹிணி டீச்சர் என் பக்கத்தில் வந்து, “அக்கா, இன்னிக்காவது வெள்ளை கட்டக் கூடாதா?” என்று காதோடு கேட்டார்.

அந்த நேரம் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “இன்னா ஆயா, ஃப்ரீசர் பாக்ஸ எங்க எறக்கறது? பாடி எப்ப வரும்?” என்றான். யாருக்குப்பா என்றேன். “எலியேசர்னு சொன்னாங்களே.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் ராணுவத்துக்குச் சாப்பாட்டு லாரி ஓட்டிப் போனவர், காணவில்லை என்று தந்திதான் வந்தது. உன் அப்பா அப்போது கைக்குழந்தை. பின்னால் அவர் டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. மற்றப் பெட்டி, உடலை வைத்து அனுப்புவார்களே அது, வரவில்லை. காணவில்லை என்றால் காணவில்லைதானே, செத்துப்போனார் என்று யாரும் சொல்லவில்லையே? அதனால் நானும் அடக்க ஆராதனை வைக்கச் சொல்லவில்லை. வருஷா வருஷம் மரித்தவர்கள் பேரைக் கோயிலில் வாசிக்கும்போது அவர் பேரை நான் கொடுத்ததில்லை. சபையில் பெரியவர்கள் பார்க்கிறபோதெல்லாம் ‘பெட்டி ஏதாவது வந்ததா?’ என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்கத்தான் விட்டார்கள், மறக்கவில்லை போலிருக்கிறது.

நான் எல்லாரிடமும் சொன்னேன். ஐயோ, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், அது சினிமாப் பெட்டி, என் பேத்தி எடுத்த படம் என்றேன். ஒருவரும் திரும்பிப் போகவில்லை, ஜெரூஷா. போதகர் ஐயா அங்கியைக் கழற்றப் போனார். ரோஹிணி டீச்சர்தான், “இருக்கட்டும் ஐயா. எந்தப் பெட்டியா இருந்தா என்ன? வந்தது எலியேசர் அண்ணன்தானே. போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றார். ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறிப் புறப்பட்டார்கள். என்னை அந்த ஃப்ரீசர் வேன்காரனே முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். “பெட்டி காலியாதான கீது, நானும் பாத்துட்டுப் போறேன்” என்றான்.

தியேட்டர் வாசலில் ஜாபர் எங்களைப் பார்த்தானே ஒரு பார்வை! “படம் படுத்துடுச்சுன்னு சொன்னதுக்கு மலர்வளையத்தோடவா வருவாங்க ஆயா?” என்றான். நான் சிரித்த சிரிப்பில் பூவே கழன்றுவிட்டது.

சீட்டு பாதிக்கு மேல் நிறைந்தது. படம் ஆரம்பித்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் யாசீன் பாய் பேச வந்ததும்தான் திறந்தேன். அவரும் தாத்தாவும் ஒரே லாரியில் இருந்தவர்கள், அவர் சமையல். எவ்வளவு மூப்பு அவருக்கு! நீ ஒன்றும் கேட்காமல் அவரையே காட்டிக்கொண்டிருந்தாய். அவர் சொன்னார். “சாப்ட்டுட்டுப் போடான்னேன். பசங்க பசியா கெடப்பானுங்க, குடுத்துட்டு வந்து சாப்பிடறேன்னான். தட்டுல போட்டு மூடி வெச்சேன். ராவெல்லாம் மூடியேதான் இருந்துச்சு.”

நீ எனக்கு இதைச் சொல்லவேயில்லை. சொல்லாததும் நல்லதுதான். நான் அங்கே அத்தனை பேர் நடுவில் கேட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.

முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. ஸ்டெபின் போய் மலர்வளையத்தைத் திரைக்குக் கீழே வைத்தான். போதகர் ஐயா என்னைப் பார்த்தார், அடக்க ஜெபம் செய்யலாமா என்கிற மாதிரி. நான் தலையசைத்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜாபரும் வாசல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேன்காரன் மதம் எனக்குத் தெரியாது, அவனும் நின்றான். ஜெபம் முடியும்வரை விளக்கை அணைக்கவில்லை, அடுத்த படத்துக்கு ஆள் விடவில்லை. எழுந்து நின்றபோது எனக்கு முழங்கால் வலிக்கவில்லை.

டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண் அனுப்பிரியா அதைப் போனில் படம்பிடித்துப் போட்டிருக்கிறாள். ஜாபர் ஓனரிடம் கேட்டு நேற்றும் படத்தை ஓட்டியிருக்கிறான், பொத்தேரியிலிருந்து காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்களாம். ஜாபர் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனான், இன்னும் ஒரு வாரம் வைக்கிறார்களாம், சாயங்காலம் ஒரு காட்சி கூட உண்டாம். என் அளவுச் சாப்பாட்டுக் கதையை அவனிடமும் சொன்னேன். இன்னும் அளவுச் சாப்பாடுதான் ஆயா, ஆனா பந்தி நடக்குது என்றான். உன் பாக்ஸ் ஆபீஸ் இதற்கு என்ன சொல்லுமோ, எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இதுதான். சர்க்கார் கொண்டுவந்து தராததை நீ கொண்டுவந்து கொடுத்தாய். அடுத்த வருஷம் அவர் பேரைக் கோயிலில் வாசிக்கக் கொடுப்பேன். கேமராவைத் தொட மாட்டேன் என்றாயே, அந்தப் பேச்சை மட்டும் திருப்பி எடுத்துக்கொள். யார் மூஞ்சியிலும் முழிக்க முடியாது என்றாய். அந்த மூஞ்சியெல்லாம் வெள்ளை கட்டிக்கொண்டு வந்து உனக்காக அழுதுவிட்டுப் போயிருக்கின்றன. யாசீன் பாயும் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் கையால் அவருக்குப் பரிமாற வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் கண்ணுக்கும் கைக்கும் குறைவில்லாமல் ஆசீர்வதிப்பாராக. ரயில் டிக்கெட் எடுத்ததும் அப்பாவுக்குச் சொல்.

வந்து சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே, கண்ணு. வந்துவிடு.

உன்னால் நிறைந்திருக்கும் உன் ஆயா,
தபீதாள் எலியேசர்