பெற்றோர் பதினைந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என்மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. காரணம் கீழே வருகிறது. மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம்தானே?

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன் என்றால் நடுவில் ஏதாவது கிண்டல் பேசித் தப்பித்துவிடுவேன். கம்ப்யூட்டரில் தட்டலாம் என்றால் கை தானாக "மேற்படி" போட்டுவிடுகிறது. அதனால் பேனா. என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு விஷயம். டாக்டர் பட்ட ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தை, மாதக் கடைசி ஆனாலும், இதைப் படித்து முடிக்கும்வரை அனுப்பாதே. மனு எழுதியே வாழ்ந்தவன் சொல்கிறேன், எழுதின மனு நாலு நாள் பையில் கிடந்தால் கெட்டுப்போகாது.

போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை நீ அம்மாவிடம் பேசியது எனக்கும் கேட்டது. அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தானே காய் நறுக்குவாள். உன் பேராசிரியர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றாய். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்கள் ஏன் வருவதில்லை என்று பதினான்கு பேரைக் கேட்டிருக்கிறாய், பதினான்கு பேரும் ஒரே ஆள் பேசியது மாதிரி இருக்கிறது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றாராம். அதோடு நீ நிறுத்தியிருந்தால் நான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ மேலே சொன்னாய்: "எனக்கு ஞாபகத்துல வேற மாதிரி இருந்துச்சும்மா. நானாத்தான் ஏதோ பெருசா நெனைச்சுக்கிட்டேன் போல. எனக்கு இதெல்லாம் சரிப்படாது. விட்டுடறேன்னு லெட்டர் எழுதி வச்சுட்டேன், மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். ஸ்கூலைப் பார்த்துக்கிட்டுப் பேசாம இருக்கேன்."

கண்ணு, உன் ஞாபகம் சரி. தப்பு என்னுடையது.

பகலெல்லாம் தலைமையாசிரியை வேலை, சனி ஞாயிறு வகுப்பு, பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பு என்று நீ ஓடுவதைப் பார்த்து, அந்தப் பதினான்கு பேர் பேசிய ஒலிப்பதிவுகளையெல்லாம் நானே தட்டித் தருகிறேன் என்று மார்தட்டியவன் நான். ரகசியம் காப்பேன் என்று என்னிடம் கையெழுத்துக்கூட வாங்கினாய். அதில் குறை வைக்கவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். பெத்த பொண்ணு குரலைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா என்று அம்மா சண்டைக்கு வந்தும் போட்டுக் காட்டவில்லை.

ஆனால் முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலக வாசலில் டைப்ரைட்டரில் மனு தட்டிய கை இது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவர் அழுவார், திட்டுவார், மூக்கைச் சிந்துவார். அதையெல்லாம் வடிகட்டி, அதிகாரி படிக்கிற மாதிரி நாலு வரியில் கொடுப்பதுதான் என் தொழில். உன் பதினான்கு பேருக்கும் அதே சேவையைச் செய்துவிட்டேன்.

பெயருக்குப் பதில் நீ எண் கொடுத்திருக்கிறாயே, அதில் பெற்றோர் ஐந்து, மூட்டை தூக்குகிறவர், உன்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "வந்தா பிள்ளைங்க பெஞ்சுல உட்காரச் சொல்றீங்க. முட்டி மடங்க மாட்டேங்குது. அத்தனை பேர் முன்னாடி என்னைக் கூப்பிட்டு, உங்க பொண்ணுக்குக் கணக்கு வரலன்னு சொல்வாங்க. வராதது அவளுக்கா எனக்கான்னு தெரியாம நிப்பேன்." இதை நான் எப்படித் தட்டினேன்? "நேரமின்மை காரணமாகக் கூட்டங்களில் கலந்துகொள்ள இயலவில்லை."

பெற்றோர் ஒன்பது, தையல் வேலை செய்கிற அம்மா: "டீச்சருங்க கையெழுத்துப் போடச் சொல்லி பேப்பரை நீட்டுவாங்க. நான் விரலை நீட்டணும். அதுக்கப்புறம் என் பொண்ணு மூஞ்சியைப் பார்க்கணுமே, அதாங்க." அதற்கும் நேரமின்மை. பெற்றோர் பன்னிரண்டு விஷயத்தில் மட்டும் மனசு கேட்காமல் "கடுமையான நேரமின்மை" என்று போட்டிருக்கிறேன்.

ஏமாற்ற நினைக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் கையில் போகிற தாள், இவர்கள் கொஞ்சம் மரியாதையாகத் தெரியட்டுமே என்று நினைத்தேன். அப்பா தட்டியதாயிற்றே என்று நீயும் நம்பிவிட்டாய், உன் காதையே சந்தேகப்படும் அளவுக்கு. அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஊரார் பேச்சுக்கெல்லாம் இஸ்திரி போட்டு எம்பொண்ணு படிப்பைக் கெடுத்துட்டீங்களே மனுஷா" என்றாள். அன்றிலிருந்து எனக்குக் காபி மேஜைக்கு வருவதில்லை. நான்தான் அதைத் தேடிப் போகிறேன்.

பதினொரு நாளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டியிருக்கிறேன். இந்தமுறை இருமலைக்கூட விடவில்லை. யாராவது பேசாமல் இருந்தால் கைக்கடிகாரத்தை வைத்து எத்தனை விநாடி என்று எழுதியிருக்கிறேன். முதல்முறை அதையெல்லாம் வெற்றிடம் என்று ஓட்டிவிட்டேன். இப்போதுதான் அந்த இடங்களில் உன்னைக் கேட்டேன்.

தையல்கார அம்மா பாதியில் நிறுத்திவிடுகிறார். நீ ஒன்றும் சொல்லவில்லை. இருபத்துமூன்று விநாடி. நான் என்றால் அதற்குள் "பணிந்து கேட்டுக்கொள்கிறேன்" வரை போயிருப்பேன். நீ காத்திருந்தாய். பிறகுதான் அவர் விரலைப் பற்றிச் சொன்னார். மூட்டைக்காரர் பெஞ்சைப் பற்றிச் சொன்னதும் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. "இருங்க, நானும் இதுலயே உட்கார்றேன்" என்கிறாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாங்க, வலிக்குது" என்கிறாய். இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிக் கேட்டேன். தட்டுவதற்கு ஒரு தடவை போதும்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைமை ஆசிரியை, தன் பள்ளிக்கூடத்தின் குறையைத் தானே கேட்டு வாங்கிப் பதிவு செய்துகொள்கிறாள். முகம் சுளிக்கவில்லை, ஒரு சமாதானம் சொல்லவில்லை. என் மகள் இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு எதுவுமே தாமதமாகத்தான் தெரியும். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, அதுவே இரண்டாவது தடவையில்தானே விளங்கியது.

பதினான்கு பேரின் தாள்களும் பென்டிரைவும் இதோடு அனுப்பும் பார்சலில் இருக்கின்றன. தவறு தட்டியவனுடையது என்று உன் பேராசிரியருக்கு ஒரு ஒப்புதல் கடிதமும் வைத்திருக்கிறேன். அதில் மட்டும் ஆசை தீர "மேற்படி" போட்டுக்கொண்டேன், விட்டுவிடு.

எல்லாவற்றுக்கும் அடியில் பதினைந்தாவதாக ஒரு தாள் இருக்கும். அது நீ பதிவு செய்தது அல்ல. கேள்வி உன்னுடையது, பதில் சொல்கிறவன் நான். எப்படியும் பார்க்கத்தான் போகிறாய், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பெற்றோர் நாளுக்கு நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வந்தேன். அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். வாசலில் மேஜை போட்டு ஒரு டீச்சர் படிவம் கொடுத்தார். தந்தையின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் இருந்தவர் ஏதோ இன்ஜினியர், சரசரவென்று எழுதினார். ஊரார் படிவத்தையெல்லாம் நிரப்புகிறவன், பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மாடி வராந்தாவில் நீ, அறிவியல் பாடத்துக்கு வரைந்த இதயப் படத்தைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டி எட்டிப் பார்த்தாய். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கே திரும்பிப் போனேன். சாயங்காலம் ஏம்ப்பா வரலன்னு கேட்டாய். நேரமே இல்லம்மா என்றேன்.

பதினான்கு பேர் வாயிலும் நான் வைத்தது அந்தப் பொய்தான்.

சொந்த அப்பாவை ஆராய்ச்சியில் சேர்த்தால் உன் பேராசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டார். சேர்க்க வேண்டாம். மற்ற பதினான்கையும் கொண்டுபோய் அவர் மேஜையில் வை. அவர்கள் உன்னை நம்பித்தான் அதையெல்லாம் சொன்னார்கள். நீ பாதியில் விட்டால் அது மறுபடியும் நேரமின்மை ஆகிவிடும்.

நீ ஆய்வேட்டை முடித்து எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லும் நாளில், வெளியாட்களும் வந்து உட்காரலாம் என்று ஒருமுறை சொன்னாய். வாசலில் படிவம் ஏதும் கொடுப்பார்கள் என்றால் எனக்கு இப்போதே ஒன்று அனுப்பிவிடு. ஒரு கட்டம் விடாமல் நிரப்பி எடுத்து வருகிறேன். பெஞ்சு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, முன்வரிசையில் ஒரு இடம் பிடித்து வை.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. எனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா