முறிந்து முறிந்து ஏறிய கோடு

அப்பா,

நேற்றுக் காலை குசினியில் புதுச் சிலிண்டரை மாட்டினேன். ரெகுலேட்டரைத் திருகியதும் அந்த மணம் ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. முன்பெல்லாம் அந்த மணம் வந்தால் நான் முற்றத்துக்கு ஓடிவிடுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். "ஓடாதை பிள்ளை. காஸுக்குச் சொந்தமா மணம் இல்லை. கசிஞ்சால் சனத்துக்குத் தெரியவேணும் எண்டு பிறகு சேர்த்து விடுறது. மணந்தால் தப்பலாம். மணக்காட்டித்தான் பயம்." நேற்று நான் ஓடவில்லை. நீங்கள் காட்டித் தந்தபடி சவர்க்கார நுரையைத் தொட்டுப் பூட்டின இடத்தில் பூசிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. மணமும் போய்விட்டது. ஆனாலும் நான் கனநேரம் அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதற்குள் உங்களுக்கு எழுதவேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். எழுதத் தொடங்கினால் முதலில் எதைச் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

மாங்குளத்தில் இரும்புக் கேற் ஒட்டிக்கொண்டிருந்த உங்களை, வெல்டிங் வேலைக்கென்று ஏஜென்சி ஒன்று காபோனுக்கு அனுப்பியபோது எனக்குப் பத்து வயது. அப்படி ஒரு நாடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. என் பள்ளிக்கூட அற்லஸைக் கதிரையில் விரித்துவைத்து ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் தேடினோம். கண்டுபிடித்தபோது உங்கள் சுட்டுவிரல் அந்த நாட்டை முழுதாக மறைத்தது. வெல்டிங் சூட்டில் தோல் தடித்த விரல். "இவ்வளவு சின்ன நாட்டுக்குள்ள எண்ணெய் எப்பிடி அப்பா?" என்று கேட்டேன். "எண்ணெய் நாட்டுக்குள்ள இல்லை, கடலுக்குள்ளயாம்" என்றீர்கள்.

கடலுக்குள் இரும்புக் கால்களில் நிற்கும் மேடையில் குழாய் ஒட்டுவதுதான் உங்கள் வேலை. வீடியோவில் கதைக்கும்போது உங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஒரு பெரிய தீ தெரியும். எண்ணெயோடு சேர்ந்து வரும் காஸை எரித்து விடுகிறார்கள் என்று சொன்னீர்கள். அம்மாவுக்கு அது தாங்கவில்லை.

"ஐயோ, இஞ்ச நான் ஒரு சிலிண்டருக்கு நாள் பாத்துக்கொண்டிருக்கிறன். வரேக்க ஒரு போத்தலிலயாவது அடைச்சுக்கொண்டு வாங்கோவன்."

"பிளேனில ஏத்த விடாங்களடி. இல்லாட்டி அந்த நெருப்பையே பிடுங்கிக்கொண்டு வந்திருப்பன்."

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் நெடுநாள் பூட்டிக் கிடந்து திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பாடங்கள் விட்டுப்போன பயம் பாதி. அத்தனை பேருக்கு முன்னால் மறுபடி போய் இருக்கவேண்டுமே என்ற கூச்சம் மீதி. நீங்கள் ஏசவில்லை. "சரி, பள்ளிக்கூடம் வேண்டாமெண்டால் விடு. ஆனால் இங்கிலீசை விடாதை. இங்க அது தெரியாமல் நான் படுற பாட்டை நீ படக்கூடாது" என்றீர்கள். நெடுங்கேணியில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பு இருந்தது. போகிறேன் என்றேன்.

மூன்று சனிக்கிழமை போனேன், அப்பா. மூன்றாம் கிழமை ரீச்சர் என்னை எழும்பி வாசிக்கச் சொன்னார். நான் எழும்பினேன். வாய் திறக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகள் பின்னாலிருந்து சிரித்தார்கள். நாலாம் சனிக்கிழமையும் பஸ் ஏறினேன். ஆனால் வகுப்புக்குப் போகாமல் கோயில் வீதி மரத்தடியில் இருந்துவிட்டு, வகுப்பு முடிகிற நேரத்துக்கு வீட்டுக்குத் திரும்பினேன். அதற்கடுத்த சனியும் அப்படித்தான். அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் கிழமைக்குக் கிழமை கேட்பீர்கள், "கிளாஸ் எப்பிடிப் போகுது பிள்ளை?" நான் சொல்லுவேன், "நல்லாப் போகுது அப்பா."

அந்த வருட விடுமுறைக்கு நீங்கள் வந்திருந்தபோது ஏஜென்சியிலிருந்து ஒரு பேப்பர் வந்தது. ஆங்கிலத்தில் நாலு பக்கம். அந்த நாட்டு எண்ணெயும் காஸும் இனி எப்படிப் போகும் என்பதைப் பற்றியது என்றும், வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றும் அவர்கள் போனில் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய மேடைக்கே திரும்பிப் போவது. மற்றது, கரையில் கட்டப்போகிற காஸ் ஆலைக்கு மாறுவது. அதற்கு ஆறு மாதப் பயிற்சி இருந்தது, முடிவில் ஒரு சோதனையும் இருந்தது. சோதனை என்ற சொல் உங்களைப் பயப்படுத்தியது. எங்கள் வீட்டில் சோதனைக்குப் பயந்தது நான் மட்டும் இல்லை.

நீங்கள் குளித்துவிட்டு வந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்தீர்கள். யாராவது கடிதம் வாசித்தால் நீங்கள் அப்படித்தான் கேட்பீர்கள், கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சரித்து. சண்டைக் காலத்தில் செத்த, காணாமற்போன ஆட்களின் பெயர்களை வாசிக்கும்போது கேட்டுப் பழகின பழக்கம் என்று அம்மா ஒருமுறை சொன்னார். ஒரு பெயரைத் தவறவிட்டால் ஒரு ஆளைத் தவறவிட்டது மாதிரி.

"முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் வாசி பிள்ளை. விளங்காததை விட்டிட்டுப் போகாதை, கேள்."

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்ற இரண்டு சொல். அம்மா பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவும் வந்து படியில் இருந்தார். "வாத்தியாரம்மா வாசிக்கப் போறாங்க, எல்லாரும் சத்தம் போடாதீங்க" என்று அவர் சொல்ல, நீங்கள் சிரித்தீர்கள். பெருமையான சிரிப்பு. நான் பேப்பரை எடுத்தேன்.

எனக்கு அங்குமிங்கும் சில சொற்கள் மட்டும் தெரிந்தன. எண்ணெய், காஸ், கம்பெனி, வருடம். மிச்சத்தை நானே கட்டினேன். "கம்பெனி நல்லா நடக்குதாம் அப்பா. புதுக் கம்பெனியும் வருகுதாம்." இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. கட்டங்களுக்கு மேல் இரண்டு கோடுகள். ஒன்று தடித்த கோடு, மேலேயிருந்து சரிந்து சரிந்து கீழே வந்தது. மற்றது துண்டு துண்டாக, முறிந்து முறிந்து மேலே ஏறியது. நீங்கள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தீர்கள்.

"இதென்ன பிள்ளை, இறங்குது?"

"அது இவ்வளவு நாளும் வந்த எண்ணெய் அப்பா."

"இந்த முறியிற கோடு?"

அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். அந்தச் சொல் எனக்குத் தெரிந்த சொல். காஸ். ஆனால் காஸ் ஏன் ஏறவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததைச் சொல்லப் போனால் மிச்சத்தையும் கேட்பீர்கள். உங்கள் முகத்தில் என்ன பதில் வேண்டும் என்று தெரிந்தது. அதைத்தான் சொன்னேன்.

"அது இனி வரப்போற எண்ணெய். கூடுமாம்."

"அப்ப நான் நிண்ட இடத்திலயே நிக்கலாம்" என்றீர்கள். அவ்வளவு நிம்மதியாக. அம்மாவைப் பார்த்து, "பாத்தியே, பிள்ளை எப்பிடி டக்கெண்டு சொல்லுறாள்" என்றீர்கள். மற்ற இரண்டு பக்கங்களையும் நான் வாசிக்கவில்லை. அதுவும் இதேதான் என்று சொல்லி மடித்துத் தந்தேன். வெள்ளிக்கிழமைக்கு முதலே நீங்கள் பதில் கொடுத்துவிட்டீர்கள்.

திரும்பிப் போன இரண்டாம் கிழமை, உங்கள் அறைக்கு ஒரு தூத்துக்குடிக்காரர் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். "நல்ல மனுசன். இங்கிலீஸ் தண்ணி மாதிரி." அதற்குப் பிறகு நீங்கள் என் வகுப்பைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள், மழை பெய்ததா என்று கேட்பீர்கள். நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு மொக்குப் பிள்ளை நான்.

எட்டு மாதத்தில் மேடையைப் பூட்டிவிட்டார்கள். கிணறுகள் வற்றிவிட்டன, பெரிய கம்பெனி விற்றுவிட்டுப் போனது, வாங்கின சின்னக் கம்பெனிக்குப் பழைய ஆட்கள் தேவையில்லை. நீங்கள் ஒரு பையோடு வந்து இறங்கினீர்கள். அது நாடு முழுக்க எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். எண்ணெய் எடுக்கிற இடத்திலிருந்து வந்த நீங்கள், மாங்குளம் பெற்றோல் செட்டில் வெறும் போத்தலோடு வரிசையில் நின்றீர்கள்.

ஒருநாள் மத்தியானம் உங்களுக்குச் சாப்பாட்டுப் பாசல் கொண்டுவந்தேன். உங்களுக்குப் பின்னால் நின்ற சைக்கிள்கடைக்காரர் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எண்ணெய்க் கிணத்தில நிண்டனீங்கள், வரேக்க ஒரு குழாயை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாமே?"

"இழுத்துக்கொண்டுதானடாப்பா வந்தனான். மன்னாரடியில அறுந்து போச்சு."

வரிசையே சிரித்தது. "எங்கட மன்னார்க் கடலுக்குள்ளயும் காஸ் கிடக்காமே?" என்று ஒருவர் கேட்டார்.

"கிடக்கு. கடலுக்குள்ள கிடக்கிறது வேற, அடுப்புக்கு வாறது வேற. நான் நிண்ட இடத்திலயே இவ்வளவு நாளும் எரிச்சுத்தானே விட்டவங்கள். இப்பதான் பிடிச்சு விக்கப் போறாங்களாம்."

சைக்கிள்கடைக்காரர் விடவில்லை. "அப்ப காஸுக்கு மாறியிருக்கலாமே அண்ணை? கிணறு வத்தப்போகுது எண்டு முன்னமே சொல்லேல்லையோ?"

நான் பாசலை நீட்டியபடி நின்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "பேப்பரில போட்டுத்தான் தந்தவங்கள். நான்தான் வடிவாக் கேக்கேல்லை" என்றீர்கள். பாசலை வாங்கிக்கொண்டு, "வெயிலுக்க நிக்காமல் வீட்டை போ பிள்ளை" என்றீர்கள்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு மறுபடி கேற் ஒட்டினீர்கள். அடுத்த வருடம் ஒரு காலை பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டீர்கள். வவுனியா ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் உயிர் போய்விட்டது. அங்கேயும் நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் உங்கள் பையைத் திறந்தேன். செம்மஞ்சள் வேலைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, அடியில் பிளாஸ்ரிக் உறைக்குள் அந்த நாலு பக்கம். தடித்த கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் நீலப் பேனையால் 'எண்ணெய்' என்று எழுதியிருந்தீர்கள். முறிந்து முறிந்து ஏறிய கோட்டுக்குப் பக்கத்தில் 'காஸ்'. கடைசிப் பக்கத்தின் பின்புறம் முழுக்கத் தமிழ் எழுத்தில் ஆங்கிலச் சொற்கள். டிக்ளைன், குறையிறது. ரிசேவ், நிலத்துக்குக் கீழ மிச்சம் கிடக்கிறது. பிளெயார், எரிச்சு விடுறது. தூத்துக்குடிக்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கவேண்டும். இனி ஒரு பேப்பர் வந்தால் என்னைக் கேட்டு என்னை வெட்கப்படுத்தக் கூடாது என்று, ஐம்பது வயதில் நீங்களே படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். நீங்கள் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் வந்திருக்காது, அப்பா.

நேற்றுச் சிலிண்டர் மாட்டி முடித்துக் கை கழுவியபோது பூமணி அக்கா வந்தார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாராம். கையில் ஆங்கிலத்தில் ஒரு பேப்பர்.

"நீ இங்கிலீசு கிளாசுக்குப் போன புள்ளதானே. நாளன்னைக்குக் கையெழுத்து வைக்கணும்னு சொல்றாங்க. இத வாசிச்சுச் சொல்லும்மா."

பேப்பரை வாங்கினேன். முதல் வரி விளங்கியது. இரண்டாம் வரி பாதி. உங்கள் கதிரை வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அதே பழைய பயம் வந்தது.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றேன்.

"வெக்கப்படாம வாசிம்மா."

"வெக்கமில்லை. மெய்யாத் தெரியாது. தெரிஞ்ச ஆளிட்ட வாசிப்பிச்சுப் போட்டுத்தான் நீங்கள் கையெழுத்து வைக்கவேணும்."

அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தார். "என்ன கதை இது? எத்தினை மாசம் சனிக்கு சனி பஸ் ஏறிப் போனனீ?"

"மூண்டு கிழமைதான் கிளாசுக்குப் போனனான் அம்மா. மிச்ச நாள் கோயிலடியில இருந்தனான்."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அப்பாவுக்கு வாசிச்ச பேப்பர்?"

"அதுவும் எனக்கு விளங்கேல்லை."

அம்மா உள்ளே போய் அடுப்பை மூட்டினார். பூமணி அக்கா என் தோளில் கை வைத்தார். இன்று காலை வரைக்கும் அம்மா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மட்டும் கோப்பையில் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பூமணி அக்காவோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறுகிறேன். அவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். அக்காவின் பேப்பரோடு உங்களுடைய நாலு பக்கத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் அக்காவுடையது. பிறகு உங்களுடையதை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துச் சொல்லச் சொல்லி அவரிடம் கேட்பேன். நான் புரட்டாமல் மடித்துத் தந்த அந்த இரண்டு பக்கத்திலும் உங்களுக்கு என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

நிமிர்ந்து இருந்து, கண்ணை மூடி, வடிவாகக் கேட்பேன், அப்பா.

உங்கள் பிள்ளை