பலகையில் யார் பெயர்

நம் மகன் சிராஜின் வாப்பாவுக்கு,

நூல் வாங்கக் கும்மிடிப்பூண்டி போகிறேன். இறால் ஆணம் சட்டியில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

ஊறுகாய் வியாபாரம் வேண்டாம், வீட்டிலேயே தையல் கடை போடலாம் என்று நாம் முடிவு செய்ததும், உங்கள் பெயரை எழுதி வாசலில் பலகை மாட்டினீர்களே. நேற்று கோவிந்தம்மா ரவிக்கைத் துணியோடு அதன் முன்னால் நின்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. யாரு பேரு எய்திக்கீது?"

உங்கள் பெயரை நான் எப்படி வாயால் சொல்வேன்? உள்ளே நீங்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

"ஓ, ஊட்டுக்காரர் பேரா? அப்போ அவருதான் அளவெடுப்பாரா? நான் வர்லம்மா."

முதல் ரவிக்கையே போய்விட்டது. நீங்களோ, "கடைன்னா ஆம்பளை பேரு இருக்கணும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர் பெயர் எதற்கு?

காலையில் மண்ணெண்ணெய் தொட்டு அழித்துவிட்டேன். 'கமர் நிஷா தையல்' என்று கரியால் எழுதியிருக்கிறேன். மேலே நீங்களே பெயிண்ட் தடவுங்கள், உங்கள் கையெழுத்துதான் அழகு.

பி.கு: பெயிண்ட் டப்பா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இன்னொன்று. கோவிந்தம்மாவை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். பலகையில் யார் பெயர் என்று கேட்டால், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுங்கள். என் பெயரை நீங்கள் சொல்லலாமே.