மாமியார் எடுத்த போன்

நவம்பர் 14, வெள்ளி. இரவு 10.40. நான் போனில் அழைத்தவர்கள் 23, வருவதாகச் சொன்னவர்கள் 9.

போன மார்கழியில் மூச்சுத் திணறி கிளினிக்குக்கு ஓடிவந்தவர்களை இந்த முறை பனிக்கு முன்பே வரவழைத்துப் பரிசோதிக்கும் திட்டம் என்னுடையது. கடலூர் கிளினிக்கில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலைப் பார்த்து நானே எல்லோருக்கும் போன் செய்தேன். குடிகாடு கிராமத்துச் செல்வியின் போனை அவருடைய மாமியார் எடுத்தார். பேசுவது யாரென்று கேட்காமலே ஆஸ்துமா பரிசோதனைக்கு வரச் சொன்னேன்.

"ஆஸ்துமாவா? எங்க மருமவளுக்கா?"

"ஆமாம்மா, சின்ன வயசுலேர்ந்தே இருக்கே. இன்ஹேலர் ஒழுங்கா எடுக்குறாங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

சாயங்காலம் செல்வியே அழைத்தார். "கல்யாணத்தப்ப சொல்லாம மறைச்சிட்டோம் சார். பாத்ரூம்ல வச்சுதான் அடிச்சிக்குவேன். இப்ப அத்த அத குப்பையில போட்டுட்டாங்க. அத அடிச்சா புள்ள தங்காதாம். இனிமே போன் பண்ணாதீங்க."

அப்படியெல்லாம் ஆகாது என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டார்.

நர்ஸ் மேரி அக்காவிடம் சொன்னேன். "மைக் செட்டு மட்டுந்தான் வக்கல நீ. வீடுன்னா மாமியா, நாத்தனாரெல்லாம் இருப்பாங்கன்னு ஒன் கம்ப்யூட்டரு சொல்லலியா?" என்றார்.

வேலை முடிந்து, நான் தங்கியிருக்கும் சிதம்பரம் ரூமுக்கு வந்துவிட்டேன். இதைப் பேச இங்கே ஆள் இல்லை. வெளியே மழை ஈரம். செல்வியின் கையில் மருந்து இல்லை.

செய்ய வேண்டியவை:

1. பேசுவது யாரென்று தெரியாமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது.
2. மேரி அக்கா மூலம் அந்த ஊர் நர்ஸிடம் புது இன்ஹேலர் கொடுத்தனுப்ப வேண்டும். நான் போகக் கூடாது.
3. இன்றிரவு போனை சைலன்ட்டில் போடக் கூடாது. மூச்சு முட்டினால் செல்வி அழைக்கலாம், என் நம்பரை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால்.