இருநூற்று நாற்பது, நார்மல்

இன்று கழக்கூட்டத்தில் மகள் வீட்டில், அவளுடைய மடிக்கணினியில் ஒரு புரோகிராம் வரியைப் பார்த்துத் திடுக்கிட்டேன்: 70 < x < 110. "இப்படி எழுதக் கூடாது" என்றேன். "பைத்தான்ல எழுதலாம்மா" என்று ஓட்டிக் காட்டினாள். விடை சரியாகவே வந்தது. உடனே உன்னிடம் சொல்லத் தோன்றியது. நீதான் இல்லையே.

எண்பதுகளில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்கு நாம் இருவரும் புரோகிராம் எழுதினோம். அதுவரை ஃபோர்ட்ரான்தான், சி மொழி நமக்குப் புதிது. ரத்தச் சர்க்கரை எழுபதுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவில் இருந்தால் எதிரே 'நார்மல்' என்று அச்சாக வேண்டும். கணக்குப் பாடத்தில் எழுதுவது போலவே நீ அந்த வரியை எழுதினாய்.

புரோகிராம் ஓடிய முதல் நாள் வெறும் வயிற்றோடு வந்து உன் ரத்தத்தையும் கொடுத்தாய். மதியம் தாள் வந்தது: இருநூற்று நாற்பது, நார்மல்.

"எனக்கு ஷுகர் உண்டுன்னு நம்ம வலியசாலைத் தெரு முழுக்கத் தெரியும். இதுக்கு மாத்திரம் தெரியலையாக்கும்" என்று சிரித்தாய். சட்டென்று சிரிப்பு நின்றது. "ஏண்டி, காலம்பற போன ரிப்போர்ட்டெல்லாம்?"

ஃபோர்ட்ரானாக இருந்தால் அந்த வரியைப் பிழை என்று திருப்பியிருக்கும். சி வாயே திறக்கவில்லை. முதலில் சர்க்கரை எழுபதைவிடப் பெரிதா என்று பார்த்து, ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டது. பிறகு அந்த ஒன்றையோ பூஜ்யத்தையோதான் நூற்றுப்பத்தோடு ஒப்பிட்டது. எப்போதும் சிறியதுதானே. ஆகவே வந்தவர் எல்லோரும் நார்மல்.

வரியை இரண்டாகப் பிரித்து, நடுவில் 'மற்றும்' குறியைப் போட்டாய். டாக்டரிடம் நேரே போய்ச் சொன்னாய். காலையில் வந்தவர்களில் ஒருத்திக்குத்தான் சர்க்கரை கூடுதல், நாகர்கோவில்காரி, கர்ப்பிணி. ஆட்டோ பிடித்துக் கரமனையில் அவள் இருந்த வீட்டுக்குப் போனோம்.

"நல்லா இருக்குன்னு போட்டிருக்கே அக்கா?" என்றாள் அவள்.

"அப்படிப் போடச் சொன்னது நானாக்கும். நான் எழுதினது தப்பு. பயப்படாதே, இப்பவே எங்களோட வா."

அவளுடைய கையை நீ ஆஸ்பத்திரி வரை விடவில்லை. எனக்கு உன்மேல் அன்றுதான் அத்தனை பிரியம் வந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது. பார்க்கப் போனபோது, "உன் பேரைத்தான் வைக்கணும்னு இருந்தேன் அக்கா, ஆம்பளப் பிள்ளையாப் போச்சு" என்றாள் அவள்.

பிறகு எந்தப் புரோகிராமையும் உன் ரத்தத்தைக் கொடுத்தே தொடங்கினாய். "நன்னா இல்லாததைக் குடுத்துப் பாரு. அப்பத்தான் அது நெஜம் பேசறதான்னு தெரியும்" என்பாய். நானும் அப்படித்தான், உன் இருநூற்று நாற்பது போல நன்றாக இல்லாத ஒன்றையே முதலில் கொடுத்துப் பார்க்கிறேன். நான் எழுதும் ஒவ்வொன்றுக்கும் முதல் நோயாளி இன்னும் நீதான்.