கட்டைவிரலுக்கு எட்டும் ஹாரன்

ஈஜோக்,
12.8.1987

அன்பு மகள் திலகத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறோம். சின்ன வயதில் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாயே, நினைவிருக்கிறதா? ஸ்டியரிங் இத்தனை சுற்றுச் சுற்றுகிறதே அப்பா, உள்ளே இருக்கிற ஹாரன் கம்பி ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொள்ளாதா என்றாய். பதிலை இந்த மாதம்தான் கண்ணால் பார்த்தேன். கம்பி சுற்றுவதே இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தோடு ஒரு பித்தளை வளையம் சுற்றுகிறது, அசையாமல் நிற்கும் ஒரு சின்னத் தகடு அதை உரசிக்கொண்டே இருக்கிறது, மின்சாரம் அந்த உரசலில் போய்விடுகிறது.

அதை ஏன் பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது என்று சொல்கிறேன். தோட்டத்துச் சாலையில் என்னிடம் படித்த செல்லன், நான் ஓட்டி வந்த காருக்கு முன்னால் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்ததை அம்மா உனக்கு எழுதிவிட்டாள். காரை விற்றுவிடுங்கள் என்று நீ எழுதியதில் தப்பில்லை. பக்கவாதம் வந்த பிறகு என் வலது கை பிடித்ததைப் பிடிக்கும், விடத்தான் நேரமாகும். செம்பனை மரங்களுக்குள்ளிருந்து அவன் வந்தபோது இடது கை கியரில் இருந்தது, வலது கை சக்கரத்தை விட்டு நடுவில் இருக்கும் ஹாரனுக்குப் போகவில்லை. பிரேக் போட்டேன், அவனும் ஒதுங்கினான், முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று. சேற்றோடு எழுந்து வந்து, "வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல அம்புட்டு சத்தம் போடுவீங்க, இப்ப ஒரு ஹாரன் அடிக்கக் கூடாதா லா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அம்மாவின் காலில் சர்க்கரைப் புண் இன்னும் ஆறவில்லை, கட்டு மாற்ற வாராவாரம் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ் படியில் அவளால் ஏற முடியவில்லை.

ரவாங்கில் பட்டறை வைத்திருக்கும் நாகமணியிடம் ஒரு புதுக் கார் இடிபட்டுக் கிடந்தது. அதன் ஸ்டியரிங்கிலேயே ரேடியோவுக்கு நான்கு பொத்தான்கள், பிடித்த கையை எடுக்காமல் கட்டைவிரலால் அமுக்கலாம். அவற்றைக் கழற்றி நம் பழைய கார் ஸ்டியரிங்கில் வைக்கச் சொன்னேன். முதலில் ஹாரன் கம்பியை நேராகக் கொடுத்துப் பார்த்தார், புகை வந்து ஒரு பொத்தான் உருகிவிட்டது. ரேடியோவுக்குச் செய்தது ஹாரனின் மின்சாரத்தைத் தாங்கவில்லை. அதனால் நடுவே ஒரு ரிலே வைத்தார். தொண்டை கட்டிய நாளில் நான் வகுப்புத் தலைவன் காதில் மெல்லச் சொல்வேன், அவன் வகுப்புக்கே கேட்கக் கத்துவான், ரிலே செய்வதும் அதுதான். வளையம் ஒன்றுதான், அதன் வழியே ஒரு சேதிதான் போகும், ஆகவே மிஞ்சிய மூன்று பொத்தானையும் ஹாரனுக்கே சேர்த்துவிட்டோம். அதில் ஒரு வம்பு வந்தது. ஐயாவு வீட்டுச் சாவுக்குப் போன இடத்தில், எங்களை ஓட்டிப் போயிருந்த உன் மாமா உடையப்பன் காரைத் தள்ளி நிறுத்தப் போனார், ரேடியோ பாடவும் சத்தத்தைக் குறைக்கும் குறியைப் பார்த்து அமுக்கிவிட்டார். தப்பு மேளம் ஓய்ந்த நேரம், ஹாரன் அலறியது. "கொறைக்கத்தானே மச்சான் அமுக்குனேன்" என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் குறிகளையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டேன்.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் திடலில் நாகமணியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன், கட்டைவிரலுக்கு ஹாரன் எட்டியது. ஆனாலும் அவருக்குத் தெரிந்தது கார், இப்படிப்பட்ட கைகளை அறிந்த ஆஸ்பத்திரித் தாதி நீ. அதனால் நான் இன்னும் சாலையில் ஓட்டவில்லை, சாவி அம்மாவிடம் இருக்கிறது. மாமாதான் தொழிற்சாலையில் லீவு எடுத்து அவளை அழைத்துப் போகிறார், அவரும் எத்தனை நாள்தான் எடுப்பார்.

நீ பிணி இல்லாமல், பிறர் பிணி தீர்த்து நெடுநாள் வாழ வேண்டும் அம்மா. இரவு வேலைக்குப் போகும்போது கையுறையை மறக்காதே. இன்று சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவித் துடைத்து, அதன் ஓரத்தை ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல வலது கையால் பிடி, நான்கு விரல்களையும் தட்டோடு சேர்த்துத் துணியால் கட்டச் சொல், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். முதலில் தட்டின் நடுவைத் தொடப் பார், பிறகு கட்டைவிரலை மட்டும் அசைத்துப் பார். அதன் பிறகு, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று எழுது.

உன் அப்பா,
சேது